என்.சி.சி.யில் முதல் வருஷமே சேரணுமா, இரண்டாம் வருஷம் போதுமா?

கேள்வி கேட்ட தம்பி குலசேகரத்திலிருந்து நாகர்கோவிலுக்குப் பஸ்ஸில் வந்து பி.எஸ்சி. முதல் வருஷம் படிக்கிறார். காலேஜில் என்.சி.சி. (தேசிய மாணவர் படை), என்.எஸ்.எஸ். (நாட்டு நலப்பணித் திட்டம்) இரண்டுக்கும் ஆள் எடுக்கிறார்களாம். முதல் செமஸ்டர் மார்க்கைப் பார்த்துவிட்டு அடுத்த வருஷம் சேர்ந்தால் போதாதா என்பது கேள்வி.

என்.சி.சி.க்குப் போதாது, தம்பி. இரண்டு வருஷப் பயிற்சி முடித்தால்தான் 'பி' சர்டிபிகேட் பரீட்சை. அது பாஸாகி, மூன்றாம் வருஷப் பயிற்சியும் முடித்தால் 'சி'. உங்கள் டிகிரியே மூன்று வருஷம். இரண்டாம் வருஷம் சேர்ந்தால் 'பி'யோடு வெளியே வர வேண்டியதுதான். ராணுவ அதிகாரி வேலைக்கு என்.சி.சி. ஸ்பெஷல் என்ட்ரி என்று ஒன்று இருக்கிறது, மற்றவர்கள் எழுதுகிற சி.டி.எஸ். எழுத்துத் தேர்வு கிடையாது, நேரே எஸ்.எஸ்.பி. என்கிற ராணுவத் தேர்வு வாரியத்தின் இன்டர்வியூ. அதற்குக் கேட்பது 'சி' சர்டிபிகேட்டில் குறைந்தது 'பி' கிரேடு, டிகிரியில் 50 சதவீதம். பொறுப்பும் அப்படித்தான். கார்ப்பரல், சார்ஜென்ட் என்று ஏறி சீனியர் அண்டர் ஆபீசர் ஆவது பெரும்பாலும் கடைசி வருஷம். நோட்டீசில் லீடர்ஷிப் என்று பெரிய எழுத்தில் போடுவது நடைமுறையில் இவ்வளவுதான்: காலையில் ஜூனியர்களை வரிசையில் நிறுத்தி, யார் வரவில்லை, ஏன் வரவில்லை என்பதை ஏ.என்.ஓ. (காலேஜில் என்.சி.சி.யைப் பார்த்துக்கொள்கிற ஆசிரியர்) கேட்பதற்கு முன்பே தெரிந்து வைத்திருப்பது.

என்.எஸ்.எஸ். கொஞ்சம் இளக்கம். இரண்டு வருஷத்தில் 240 மணி நேரம் சேவை, வருஷத்துக்கு 120. அதோடு தத்தெடுத்த கிராமத்தில் ஒரு 7 நாள் முகாம். இரண்டாம் வருஷம் சேர்ந்தாலும் முடிக்கலாம், ஆனால் கடைசி வருஷ புராஜெக்டும் முகாமும் ஒன்றாக வந்து நிற்கும். டைரியை வாராவாரம் எழுதி, என்.எஸ்.எஸ்.ஸைப் பார்த்துக்கொள்கிற ஆசிரியரான திட்ட அலுவலரிடம் உடனே கையெழுத்து வாங்கிவிடுங்கள். மார்ச்சில் மொத்தமாக நீட்டினால் யாரும் போடமாட்டார்கள். ஒரே நேரத்தில் இரண்டிலும் சேர முடியாது, என்.சி.சி. கேடட்டை என்.எஸ்.எஸ்.ஸில் எடுப்பதில்லை.

என்.சி.சி.க்கு ஆள் எடுக்கும்போது ஓட்டத்திலும் தண்டாலிலும் தேறுகிற பையன்கள் காகிதத்தில் மாட்டிக்கொள்வார்கள். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் ஓர் எழுத்து இனிஷியல், ஆதாரில் அப்பாவின் முழுப்பெயர், பாஸ்புக்கில் இனிஷியல் பெயருக்குப் பின்னால். ஆன்லைனில் பதிவு செய்யும்போது மூன்றும் ஒத்துப்போகாது. ஆதாரை மார்க் ஷீட்டுக்கு ஏற்ப மாற்றுங்கள், மார்க் ஷீட்டை மாற்றக் கிளம்பினால் அந்த வருஷமே போய்விடும். பள்ளிக்கூடத்தில் தொடங்கிய மைனர் கணக்கு என்றால் பேங்குக்குப் போய் அதையும் சரிசெய்துவிடுங்கள். என்.சி.சி. பணம் வருவது கணக்கில்தான்.

படிப்பு கெடும் என்று சொல்ல நாலு பேர் வருவார்கள். பரேடு படிப்பைக் கெடுப்பதில்லை, ஓ.டி. (ஆன் டியூட்டி) கடிதத்தைத் துறையில் கொடுக்காமல் விடுவதுதான் கெடுக்கும். முகாம் 10 நாள் வரை போகும். போகும் முன்பே துறைத் தலைவர் (எச்.ஓ.டி.) கையில் ஒரு நகல், லேப் ரெக்கார்டு பார்க்கிறவரிடம் ஒரு நகல் கொடுத்துவிடுங்கள். பரேடுக்கும் 75 சதவீத வருகை வேண்டும். நம் குமரி மாவட்டத்தில் இதில் ஒரு சிக்கல் உண்டு. ஓணம், கோட்டார் சவேரியார் திருவிழா, மண்டைக்காடு கொடை என்று உள்ளூர் விடுமுறை விட்டுவிட்டு, ஈடாக ஒரு சனிக்கிழமையை வேலைநாள் ஆக்குவார்கள். உங்கள் பரேடும் சனிக்கிழமை என்றால் இரண்டும் முட்டும்.

முதல் முகாமை முதல் வருஷ விடுமுறையிலேயே முடித்துவிடுங்கள். 'பி'க்கு ஒரு முகாம், 'சி'க்கு இரண்டு. தள்ளிப்போட்டு வந்து கடைசி நேரத்தில் காய்ச்சல் படுத்தால் பரீட்சை எழுத முடியாது. புது பூட்ஸை முகாமில் முதல்முறையாகப் போடவே கூடாது, இரண்டாம் நாள் குதிகாலில் தோல் உரிந்து ட்ரில் பார்த்துக்கொண்டு நிற்பீர்கள். பத்து நாள் முன்பே சாயங்காலம் வீட்டில் போட்டு நடங்கள். கம்பளி சாக்ஸுக்கு உள்ளே மெல்லிய பருத்தி சாக்ஸ் ஒன்று.

கேட்காத விஷயம்தான், ஆனாலும் சொல்லாமல் விட முடியவில்லை. மழைநீர் வடிகால் எடுக்கவும் முதலுதவி கற்றுக்கொள்ளவும் என்.எஸ்.எஸ்.ஸுக்கு வந்த பிள்ளைகளை, வி.ஐ.பி. விழாவில் காலி நாற்காலியை நிரப்ப வண்டியில் ஏற்றுகிறார்கள். மூன்று மணி நேரம் வெயிலில் உட்கார வைத்து, அதையும் சேவை மணி என்று டைரியில் எழுதச் சொல்கிறார்கள். ஓக்கி புயல் நேரத்தில் கடற்கரையில் உதவிக்குக் கை போதவில்லை. அப்படி ஒரு மாவட்டத்தில் இளம்பிள்ளைகளுக்குக் கொடுக்கிற பயிற்சியா இது? எல்லா அலுவலரும் இப்படி இல்லை, தெரியும். நல்ல திட்ட அலுவலர் உள்ள காலேஜ்காரர்கள் கீழே வந்து சண்டை போட வேண்டாம்.

உங்களுக்கு என்.சி.சி.தான் சரி, ஆனால் கையெழுத்துப் போடும் முன் பரேடு எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு என்று கேளுங்கள். காலை ஆறரைக்கு என்றால் குலசேகரத்திலிருந்து அதற்குள் வந்து சேருகிற பஸ் இருக்கிறதா பாருங்கள். பஸ் இல்லை, நாகர்கோவிலில் தங்க ஒரு சொந்தக்காரர் வீடும் இல்லை என்றால் என்.எஸ்.எஸ்.ஸில் பெயர் கொடுங்கள்.