மழையில் கார் மூழ்கினால் இன்சூரன்ஸ் பணம் வருமா?

கேள்வி: மடிப்பாக்கத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறோம். கார் பார்க்கிங் தரைத்தளத்தில். பெருமழை பெய்தால் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் வந்துவிடும். இந்தப் பிப்ரவரியில் மைத்துனரிடமிருந்து 2019 மாடல் பெட்ரோல் கார் ஒன்றை வாங்கினேன். ஆர்.சி. என் பெயருக்கு மாறிவிட்டது. ஃபுல் இன்சூரன்ஸ் ஜனவரி வரை இருக்கிறது. தெரிந்த ஏஜென்ட் ஒருவர், "மழைக்கு முன்னாடி இன்ஜின் கவர் போட்டுடுங்க சார், மூவாயிரம் ஜிபே பண்ணுங்க, மத்ததை நான் பார்த்துக்கறேன்" என்கிறார். போடலாமா? போடாமல் விட்டு கார் மூழ்கினால் ஒன்றுமே கிடைக்காதா?

பதில்: முதலில் அந்த மூவாயிரத்தை அனுப்பாதீர்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

இன்ஜின் கவர் என்பது, தண்ணீர் புகுந்து இன்ஜின் பழுதானால் பணம் கிடைப்பதற்காகப் பாலிசியோடு சேர்த்து எடுக்கிற ஆட்-ஆன். பாலிசி எடுக்கும்போதோ புதுப்பிக்கும்போதோ சேர்த்துக்கொள்ள வேண்டியது. நடு வருஷத்தில், அதுவும் வானிலை மையம் மஞ்சள், ஆரஞ்சு என்று சொல்ல ஆரம்பித்த பிறகு, பொதுவாக எந்தக் கம்பெனியும் சேர்த்துத் தராது. தரும் என்று ஒருவர் சொன்னால், கம்பெனியின் பெயரில் வரும் பேமென்ட் லிங்க்கைக் கேளுங்கள், உங்கள் பாலிசி எண்ணும் தேதியும் போட்ட என்டார்ஸ்மென்ட் காகிதத்தை, அதாவது பாலிசியில் செய்த மாற்றத்துக்குக் கம்பெனி தரும் சான்றைக் கேளுங்கள். "அதெல்லாம் பின்னாடி வரும் சார்" என்றால் அது வராது. பிரீமியம் கம்பெனி கைக்குப் போய்ச் சேராமல் எந்தப் பாதுகாப்பும் தொடங்காது என்று இன்சூரன்ஸ் சட்டத்தின் 64 வி.பி. பிரிவு சொல்கிறது. ஏஜென்டின் சொந்த செல்போன் எண்ணுக்கு நீங்கள் ஜிபே பண்ணியது அவருக்குக் கொடுத்த பணம், அவ்வளவுதான். பத்துப் பேரிடம் வாங்கி, அதில் எட்டுப் பேர் கார் மூழ்காது என்ற நம்பிக்கையில் நடக்கிற வியாபாரம் இது. ஐப்பசி பிறந்தால் கொசு வருவது மாதிரி இவர்களும் வந்துவிடுகிறார்கள்.

அடுத்து, ஒன்றுமே கிடைக்காதா என்று கேட்டீர்கள். கிடைக்கும். நீங்கள் ஃபுல் இன்சூரன்ஸ் என்று சொல்வது பேக்கேஜ் பாலிசியாக, அதாவது உங்கள் காருக்கு வரும் சேதத்தையும் சேர்த்ததாக இருந்தால், வெள்ளம், புயல், மழை எல்லாம் அதிலேயே அடங்கியவை, தனியாக எதுவும் வாங்க வேண்டியதில்லை. சீட், கார்ப்பெட், ஒயரிங், மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி, இன்ஜினைக் கழுவிச் சுத்தம் செய்யும் செலவு, எல்லாம் க்ளெய்மில் வரும். முழுசாக வராது. ரப்பர், பிளாஸ்டிக், பேட்டரி என்றால் பாதியைக் கழித்துவிடுவார்கள். உலோகப் பாகங்களுக்கு உங்கள் காரின் வயதுக்கு 40 சதவீதம் போகும், கண்ணாடிக்கு மட்டும் கழிவில்லை. இதற்கு மேல் கட்டாயமாக நீங்கள் ஏற்க வேண்டிய தொகை 1,500 சிசி வரை 1,000 ரூபாய், அதற்கு மேல் 2,000. ஜீரோ டெப் என்ற ஆட்-ஆன் எடுத்திருந்தால் பெரும்பாலான பாகங்களுக்கு இந்தக் கழிவு இருக்காது. ஆனால் ஜீரோ டெப் இருப்பதாலேயே தண்ணீர் புகுந்த இன்ஜினுக்குப் பணம் வந்துவிடும் என்று ஷோரூமில் சொல்லி அனுப்புகிறார்களே, அது தவறு. அது வேறு, இது வேறு.

தகராறு எல்லாம் இன்ஜினில்தான். நின்ற இடத்தில் கார் மூழ்கி, அப்படியே விட்டுவைத்தால், பெரும்பாலும் இன்ஜின் உள்ளே பெரிய சேதம் இருக்காது, எண்ணெயை வடித்து சுத்தம் செய்தால் பிழைத்துக்கொள்ளும். சாவியைத் திருகினால் கதை முடிந்தது. காற்று போக வேண்டிய வழியில் தண்ணீர் சிலிண்டருக்குள் போகிறது, பிஸ்டன் மேலே வந்து அதை அழுத்தப் பார்க்கிறது, காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது, அதனால் நடுவில் இருக்கிற கனெக்டிங் ராடு வளைகிறது. சில நேரம் உடைந்து பிளாக்கையே துளைத்துக்கொண்டு வெளியே வரும். இந்தச் சேதத்தை வெள்ளம் செய்யவில்லை, நீங்கள் ஸ்டார்ட் செய்ததால் வந்த பின்விளைவு என்று கம்பெனி கையை விரித்துவிடும். சாதாரண பாலிசியில் பின்விளைவுச் சேதத்துக்குப் பணம் கிடையாது.

"ஸ்டார்ட்டே பண்ணலைங்க" என்று எல்லோரும்தான் சொல்கிறார்கள். சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயர்களான நாங்கள் கேட்பதில்லை, பார்க்கிறோம். கதவின் உட்புற அட்டையில் சேறு எந்த உயரத்தில் கோடு போட்டிருக்கிறது, ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் ஈரம் உண்டா, எண்ணெய் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கை உருவினால் எண்ணெய் பழுப்பு வெள்ளையாக வருகிறதா, பிறகு இன்ஜினைப் பிரித்தால் ராடு நேராக இருக்கிறதா. தண்ணீர்க்கோடு டயரின் பாதியில் நிற்கிறது, ராடு வளைந்திருக்கிறது என்றால், தண்ணீரில் காரை ஓட்டியிருக்கிறீர்கள் என்று அர்த்தம். பேச்சே வேண்டாம்.

ஆகவே தண்ணீர் வடிந்த பிறகும் சாவியைத் தொடாதீர்கள். பவர் விண்டோவை இறக்கிப் பார்க்கிறேன், லைட் எரிகிறதா பார்க்கிறேன் என்பதும் வேண்டாம். பானட்டைத் திறக்க முடிந்தால் பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றிவிடுங்கள். தண்ணீர் நிற்கும்போதே, நம்பர் பிளேட் தெரியும்படி நாலு பக்கமும் போட்டோ எடுங்கள், முடிந்தால் உள்ளே டேஷ்போர்டு வரைக்கும். பிறகு கம்பெனியின் எண்ணுக்கு போன் செய்து க்ளெய்ம் எண் வாங்குங்கள். காலை வரை காத்திருக்கத் தேவையில்லை, ராத்திரி இரண்டு மணிக்குக்கூடப் பதிவு செய்யலாம். அந்த எண் கையில் வருகிற வரை யாரும் ஒரு நட்டைக்கூடக் கழற்றக் கூடாது.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், தண்ணீர் வடிந்த அன்றே தெருமுனை மெக்கானிக் வருவார். நல்ல மனிதர்தான், உதவி செய்யத்தான் வருகிறார். எண்ணெயை வடித்துவிட்டு, ஏர் ஃபில்டரைத் துடைத்துவிட்டு, "தள்ளுங்க, செகண்டு கியர்ல போட்டு கிளட்சை விடறேன்" என்பார். அவ்வளவுதான், ராடும் போச்சு, சாட்சியமும் போச்சு. அவருக்குப் பின்னாலேயே டோயிங் வண்டி வரும். கொக்கியை மாட்டி இழுத்துக்கொண்டு போகிற வண்டியில் ஏற்றாதீர்கள், தட்டையாக ஏற்றிப் போகிற வண்டியே வேண்டும், அதையும் கம்பெனி மூலமே கேளுங்கள். வெள்ளத்து மறுநாள் அவர்கள் சொல்கிற ரேட்டுக்கு அளவே கிடையாது, அத்தனையையும் கம்பெனி திருப்பித் தராது.

இதற்கெல்லாம் மேலே ஒரு பிரிவு இருக்கிறது, 'க்ளெய்ம் கன்சல்டன்ட்' என்று கார்டு அடித்தவர்கள். ஒர்க்‌ஷாப் வாசலிலேயே நிற்பார்கள். பத்து சதவீதம் கொடுங்கள், முழுப் பணத்தையும் வாங்கித் தருகிறேன் என்பார்கள். நிரப்பாத க்ளெய்ம் படிவத்தில் கையெழுத்து வாங்குவார்கள். அதில் அவர்கள் என்ன எழுதினாலும் அது நீங்கள் சொன்னதுதான். சுரங்கப்பாதையில் ஓட்டிப் போய் நின்றுபோன காரை, வீட்டு வாசலில் நின்றிருந்தபோது மூழ்கியது என்று எழுதி, நாங்கள் போய்ப் பார்த்தால் சீட்டுக்கு அடியில் துளி சேறு இல்லாமல், பொய்த்தகவல் என்ற ஒரே காரணத்துக்காக நியாயமாக வந்திருக்க வேண்டிய பணமும் போயிருக்கிறது. க்ளெய்ம் படிவம் ரொம்பச் சாதாரணமான காகிதம். நீங்களே எழுதலாம், உள்ளதை எழுதுங்கள்.

அடுத்த வலை டோட்டல் லாஸில். பழுது பார்க்கும் செலவு ஐ.டி.வி.யில், அதாவது பாலிசியில் போட்டிருக்கும் கார் மதிப்பில், 75 சதவீதத்தைத் தாண்டினால் காரையே முழு இழப்பாகக் கணக்கிட்டு முடித்துவிடலாம். மூன்று லட்சம் ஐ.டி.வி. உள்ள பழைய காருக்கு 2.25 லட்சம் எஸ்டிமேட் வருவது பெரிய விஷயமில்லை, கொஞ்சம் ஏற்றி எழுதினால் போதும், சில ஒர்க்‌ஷாப்களுக்கு அதில் ஆதாயமும் உண்டு. அப்படி முடித்தால் பழைய வண்டியை ஒரு வியாபாரி எடுத்துக்கொண்டு போவார். போகும்போது ஆர்.சி.யை வாங்கிக்கொண்டு "மாத்திக்கறேன் சார்" என்பார். மாற்ற மாட்டார். அந்தக் கார் எங்கோ ஒரு ஊரில் துடைத்து, மெருகேற்றி, யாரோ ஓட்டி, யார் மீதோ மோதினால் நோட்டீஸ் உங்கள் வீட்டுக்கு வரும். பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர் என்று 2018-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. பெயர் மாற்றியதற்கோ, பதிவை ரத்து செய்ததற்கோ ஆர்.டி.ஓ. சான்று வராமல் அந்தக் கோப்பை மூடாதீர்கள். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29-லும் 30-லும் எதையும் நிரப்பாமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்களைப் பார்த்தால் எனக்குத் தூக்கம் வராது.

நாள்கணக்கு. இன்சூரன்ஸ் கம்பெனிகளைக் கண்காணிக்கும் ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2024-ல் போட்ட விதிப்படி, க்ளெய்ம் தெரிவித்த 24 மணி நேரத்தில் சர்வேயரை ஒதுக்க வேண்டும், 15 நாளில் அறிக்கை வர வேண்டும், அடுத்த 7 நாளில் முடிவு சொல்ல வேண்டும். காகிதத்தில் அழகாக இருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு ஒர்க்‌ஷாப் வாசல்களில் கார்கள் தெரு முழுக்க நின்றன, இருக்கிற சர்வேயர்கள் அதே ஆட்கள்தான், கால் சென்டரில் பேசுகிற பிள்ளைக்கு வேளச்சேரி எங்கே இருக்கிறது என்றே தெரியாது. ஒவ்வொரு டிசம்பரிலும் இது நடக்கும் என்று எல்லோருக்கும் தெரிந்தும், ஒவ்வொரு டிசம்பரிலும் புதிதாக நடப்பதுபோல அலறுகிறார்கள். நாள் தாண்டினால் கம்பெனியின் குறைதீர் பிரிவுக்கு எழுத்தில் கொடுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது பதில் சரியில்லை என்றால் இன்சூரன்ஸ் புகார்களை விசாரிக்கும் ஆம்பட்ஸ்மேனிடம் போகலாம். சென்னையிலேயே அலுவலகம் உண்டு, கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை, நடுவில் ஆளும் தேவையில்லை.

இவ்வளவும் ஒரு நிபந்தனையின் பேரில். பாலிசி உங்கள் பெயரில் இருக்க வேண்டும்.

உங்கள் கடிதத்தில் ஆர்.சி. மாறியதை எழுதியிருக்கிறீர்கள், பாலிசி மாறியதை எழுதவில்லை. பிப்ரவரியில் வாங்கியிருக்கிறீர்கள், பாலிசி ஜனவரி வரை இருக்கிறது. அப்படியானால் அது மைத்துனர் புதுப்பித்த பாலிசி. கார் கைமாறினால் தேர்ட் பார்ட்டி பகுதி, அதாவது நீங்கள் பிறருக்குச் செய்யும் சேதத்துக்கானது, மோட்டார் வாகனச் சட்டத்தின் 157-வது பிரிவுப்படி தானாகவே உங்களுக்கு வந்துவிடும். போலீஸ் நிறுத்தினாலும், பரிவாகன் ஆப்பில் பார்த்தாலும் இன்சூரன்ஸ் நடப்பில் இருப்பதாகவே தெரியும். ஆனால் உங்கள் காருக்கு வரும் சேதத்துக்கான பகுதி தானாக வராது. கை மாறிய 14 நாளுக்குள் கம்பெனிக்கு எழுதி, பாலிசியில் உங்கள் பெயரைப் போட வைத்திருக்க வேண்டும். போடாமல் கார் மூழ்கினால், காருக்குச் சொந்தக்காரரான உங்களிடம் பாலிசி இல்லை, பாலிசி வைத்திருக்கிற மைத்துனருக்குக் கார் சொந்தமில்லை, ஆக இருவருக்கும் பணம் கிடையாது. சொந்தத்துக்குள் நடந்த விற்பனைதானே, வீட்டிலேயேதானே இருக்கிறது என்று நீதிமன்றம் வரை போய் வாதாடியவர்கள் உண்டு. அண்ணன் தம்பி, அப்பா பிள்ளை என்றாலும் இதே கதைதான். அப்பா இறந்து பிள்ளை பெயருக்கு ஆர்.சி. மாறியிருந்தாலும் பாலிசியை மாற்றியே ஆக வேண்டும், அதற்குக் கால அவகாசம் மட்டும் சற்றுக் கூடுதல்.

14 நாள் எப்போதோ போய்விட்டது. பரவாயில்லை, இந்த வாரமே கம்பெனியின் கிளைக்கு நேரில் போங்கள். புது ஆர்.சி. நகல், பழைய பாலிசி, மைத்துனரின் சம்மதக் கடிதம், உங்கள் அடையாள அட்டை போதும். காரைக் கொண்டுவரச் சொல்லிப் பார்ப்பார்கள், அதனால் மழைக்கு முன்னால் போவது நல்லது. என்டார்ஸ்மென்ட் தேதியிலிருந்துதான் உங்களுக்குப் பாதுகாப்பு. ஒரு சின்னச் செலவும் இருக்கிறது. க்ளெய்ம் வாங்காததால் மைத்துனர் அனுபவித்த நோ க்ளெய்ம் போனஸ் அவருடையது, காரோடு வராது, மீதி மாதங்களுக்கான வித்தியாசத்தை உங்களிடம் கேட்பார்கள். கட்டிவிடுங்கள். அதை மைத்துனரிடம் வசூலிப்பதா என்பதில் நான் தலையிட மாட்டேன்.

அதுவரை பெருமழை என்று எச்சரிக்கை வந்தால், தண்ணீர் வருவதற்கு முன் காரை மேட்டுக்குக் கொண்டுபோங்கள். 2024 அக்டோபரில் வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாகக் கார் நிறுத்தியதைப் பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. இத்தனை கோடிக்கு மழைநீர்க் கால்வாய் கட்டிய ஊரில் ஜனங்கள் பாலத்தில் கார் நிறுத்துகிறார்கள் என்றால் அவர்களைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? ஒரு ஓரமாக, ஆம்புலன்ஸ் போக இடம் விட்டு, ஹேண்ட் பிரேக் போட்டு நிறுத்துங்கள்.

ஜனவரியில் புதுப்பிக்கும்போது இன்ஜின் கவரைக் கேளுங்கள். பழைய காருக்குச் சில கம்பெனிகள் தராது, இரண்டு மூன்று இடத்தில் விசாரியுங்கள். தருகிறவர்களிடமும் தண்ணீரில் ஸ்டார்ட் செய்தால் செல்லுமா என்ற வரியைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள், அது பாலிசிக்குப் பாலிசி மாறும்.