பி4-ஆ, சி4-ஆ? முதலில் ஜன்னலைப் பாருங்கள்

கேள்வி: வீட்டில் இருக்கும் 43 அங்குல டிவியை மாற்றப் போகிறோம். 65 அங்குலத்தில் எல்ஜி ஓஎல்இடி என்று எல்லோரும் ஒருவழியாக முடிவுக்கு வந்தாயிற்று. கடையில் பி4, சி4 என்று இரண்டைக் காட்டினார்கள். சி4க்கு 30 ஆயிரம் ரூபாய் கூடுதல். “பிராசசரே வேற சார், 144 ஹெர்ட்ஸ்” என்கிறார் கடைக்காரர். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தும் எனக்கு வித்தியாசம் பிடிபடவில்லை. அம்மா பகலெல்லாம் செய்திச் சேனலும் சீரியலும் பார்ப்பார். மகன் பிஎஸ்5 கேம் பெட்டி வைத்திருக்கிறான். நாங்கள் இருவரும் இரவில் ஓடிடியில் படம் பார்ப்போம். சோபாவுக்கும் டிவிக்கும் ஒன்பது அடி. டிவிக்கு எதிரே மேற்குப் பார்த்த ஜன்னல். எதை வாங்கலாம்?
வாசகர், கோவை

பதில்: உங்கள் கண்ணில் கோளாறு ஒன்றும் இல்லை. இரண்டுமே ஓஎல்இடி. பின்னால் விளக்கு கிடையாது, ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும், அணைந்தால் முழுக் கறுப்பு. 4கே, டால்பி விஷன் என்ற படத் தொழில்நுட்பம், உள்ளே இருக்கும் வெப்ஓஎஸ் மென்பொருள் எல்லாம் இரண்டிலும் உண்டு. டியூப்லைட் வெளிச்சத்தில் கடையின் டெமோ வீடியோவை வைத்து இவற்றைப் பிரித்துச் சொல்வது கஷ்டம்தான்.

முதலில் அந்த 144 ஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்குத் திரை எத்தனை முறை படத்தை மாற்றும் என்ற கணக்கு. பிஎஸ்5 கொடுப்பதே அதிகபட்சம் 120. அதை பி4ம் காட்டும். 144 தேவைப்படுவது கேமிங் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்கு. மகன் அப்படி ஒன்று கேட்டு அடம்பிடிக்காதவரை அந்த எண்ணை மறந்துவிடலாம். பிஎஸ்5ஐ அந்த வேகத்தில் காட்டத் தேவையான எச்டிஎம்ஐ 2.1 போர்ட்டும் இரண்டிலும் நான்கு நான்கு. ஆனால் ஒரு எச்சரிக்கை: “இதுவும் அதேதான்” என்று சொல்லி முந்தைய ஆண்டின் பி3ஐத் தள்ளிவிடப் பார்த்தால் சம்மதிக்காதீர்கள். அதில் 2.1 இரண்டு போர்ட்டில்தான். மாடல் எண்ணில் ‘65’ என்பது அளவு, அடுத்த எழுத்து வரிசை, அதற்கடுத்த இலக்கம் ஆண்டு. 4 என்றால் 2024. பெட்டியின் ஸ்டிக்கரில் நீங்களே படித்துப் பாருங்கள்.

சி4க்கு நியாயமாகக் கூடுதல் காசு கேட்கும் இடங்கள் இரண்டு. ஒன்று, ஒலி: அதில் 40 வாட், பி4ல் 20. இன்னொன்று, வெளிச்சம். இருட்டுக் காட்சியில் தீப்பந்தம், தண்ணீரில் மின்னும் வெயில் மாதிரிச் சின்னச் சின்னப் பகுதிகள் சி4ல் பளீரென்று இருக்கும். ஆனால் பகல் ஆட்டக் கிரிக்கெட் போலத் திரை முழுக்க வெளிச்சமாக இருந்தால் ஓஎல்இடி எதுவானாலும் தன் ஒளியைக் குறைத்துக்கொள்ளும். அங்கே சி4ன் முன்னிலை பெரிதாகத் தெரியாது.

அதனால்தான் உங்கள் மேற்கு ஜன்னல் எனக்கு உறுத்துகிறது. நாலு மணி வெயில் நேராகத் திரையில் விழுந்தால் சி4ம் தோற்கும். கனமான திரைச்சீலை ஒன்று தைத்துப் போடுங்கள். 30 ஆயிரத்தில் ஒரு மூலைகூடக் கரையாது.

என் ஓட்டு பி4க்கு. மிச்சமாகும் பணத்தில் ஒரு சவுண்ட்பார் வாங்குங்கள். 40 வாட்டோ 20 வாட்டோ, இவ்வளவு மெல்லிய டிவியின் ஸ்பீக்கரில் வசனம் தெளிவாகக் கேட்க வேண்டுமென்றால் சத்தத்தைக் கூட்டிக்கொண்டேதான் போக வேண்டும். ஒன்பது அடி தூரத்துக்கு 65 சரியான அளவு. அகலம் சுமார் 145 சென்டிமீட்டர் வரும், சுவரை ஒருமுறை அளந்துகொள்ளுங்கள்.

ஆனால் அம்மாவின் செய்திச் சேனல்தான் உண்மையான சிக்கல். நாள் முழுக்க ஒரே மூலையில் நிற்கும் லோகோ, அடியில் ஓடும் சிவப்புப் பட்டை, இவை ஓஎல்இடியில் காலப்போக்கில் தழும்பு மாதிரிப் பதியக்கூடும். இதில் பி4, சி4 பேதம் கிடையாது. அந்த 43 அங்குலத்தை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிடாதீர்கள். அவர் அறையில் மாட்டிக் கொடுங்கள். அவருக்கும் ரிமோட்டுக்காக யாரையும் கேட்டு நிற்க வேண்டியிருக்காது. அதற்கு அவர் சம்மதிக்காமல் ஹாலில்தான் பார்ப்பேன் என்றால், ஓஎல்இடியையே விட்டுவிட்டு அதே நிறுவனத்தின் மினி எல்இடி (பின்னால் சின்னச் சின்ன விளக்குகள் உள்ள) வகையைப் பாருங்கள். வெயிலுக்கும் அது தாங்கும், ஆனால் இரவுப் படத்தில் அந்தக் கறுப்பு கிடைக்காது.

அப்புறம், கேபிளில் எஸ்டி சேனல்தான் வருகிறது என்றால் எச்டிக்கு மாறுங்கள். 65 அங்குலத்தில் எஸ்டியைப் பார்த்தால் எந்தப் பிராசசரும் காப்பாற்றாது.

படுக்கப் போகும்போது சுவர் ஸ்விட்சையும் அணைக்கும் பழக்கம் உங்கள் வீட்டில் இருந்தால் இந்த டிவிக்கு மட்டும் விலக்குக் கொடுங்கள். மொத்தமாக நான்கு மணி நேரத்துக்கு மேல் ஓடிய பிறகு ரிமோட்டில் அணைத்தால், அது ஸ்டாண்ட்பையில் தன் புள்ளிகளைச் சமன்செய்துகொள்ளும். கரண்டைப் பிடுங்கிவிட்டால் அந்த வேலை நடக்காது.