படுத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள்: குடும்பக் காரில் முகாம் – கேள்வி பதில்

வார இறுதியில் மலைப்பக்கம் போய்க் காரிலேயே தங்கிவர வேண்டும். அதே கார் திங்கட்கிழமை பிள்ளைகளைப் பள்ளியில் கொண்டுபோய் விடவும் வேண்டும். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை இதைத்தான் வெவ்வேறு விதமாகக் கேட்கின்றன. ஒரேபோல் இருந்தவற்றைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: நாங்கள் நான்கு பேர். மகளுக்கு 9 வயது, மகனுக்கு 5. ஐந்து லட்சத்துக்குள் பழைய கார் வாங்கி, அதிலேயே படுக்கும்படி செய்துகொள்ள நினைக்கிறோம். எதை வாங்கலாம்? – வாசகர், திருச்சி

முதலில் ஒரு ஏமாற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். இந்த விலையில் கிடைக்கும் கார்களில் நான்கு பேர் கால் நீட்டிப் படுக்க இடம் இருக்காது. இரண்டு பெரியவர்கள், நடுவே உங்கள் மகன், அவ்வளவுதான். மகளும் அம்மாவும் கூடாரத்தில், அப்பாவும் மகனும் வண்டியில் என்று பிரித்துக்கொண்டால் எல்லோரும் தூங்கலாம். கூடாரத்துக்கான பணத்தை இப்போதே தனியாக எடுத்து வைத்துவிடுங்கள்.

காரைப் பார்க்கப் போகும்போது மெக்கானிக்கோடு ஓர் அளவு நாடாவையும் கொண்டுபோங்கள். எல்லோரும் மைலேஜ் கேட்கிறார்கள். உள்ளே எத்தனை அடி நீளம் என்று யாரும் கேட்பதில்லை. முன்சீட்டை முழுக்க முன்னே தள்ளிவிட்டு, பின்சீட்டுகளை மடித்து, முன்சீட்டின் முதுகிலிருந்து பின்கதவு வரை அளந்து பாருங்கள். வீட்டில் உயரமானவரின் உயரத்தைவிட அது பத்து சென்டிமீட்டராவது கூடுதலாக இருக்க வேண்டும். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு ஏறிப் படுங்கள். விற்பவர் ஒரு மாதிரி பார்ப்பார், பார்க்கட்டும்.

உங்கள் பட்ஜெட்டில் நான் முதலில் தேடச் சொல்வது 2012 முதல் 2018 வரை வந்த மாருதியின் பழைய எர்டிகாவை, மூன்று வரிசை சீட் உள்ள கார் அது. மூன்றாம் வரிசை மடித்தால் தரையோடு படிந்துவிடும். இரண்டாம் வரிசையை மடிக்கும்போது சிறு மேடு வரும். பலகையும் மெத்தையும் போட்டால் அது தெரியாது. முன்சீட்டுக்குப் பின்னால் விழும் பள்ளத்தில் துணிப்பெட்டியை வைத்துவிட்டால் தலைமாடும் ஆயிற்று.

மாருதி ஈகோவின் நீளம் 3.7 மீட்டருக்கும் குறைவு என்றாலும் வண்டி பெட்டி வடிவம். நிமிர்ந்து உட்கார்ந்து சட்டை மாற்றலாம், பக்கக் கதவைத் தள்ளித் திறந்து காற்று வாங்கலாம். ஆனால் எஞ்சின் முன்சீட்டுக்கு அடியில் இருப்பதால் நீண்ட பயணத்தில் சூடு மேலேறும். பின்னால் உட்காருபவர்களுக்குத் தனி ஏசியும் கிடையாது. சேலத்திலிருந்து ஏற்காடு என்றால் சரி. சித்திரை வெயிலில் திருச்சியிலிருந்து மூணாறு என்றால் பிள்ளைகள் உங்களை மன்னிக்க மாட்டார்கள்.

2019-இல் வந்த ரெனோ டிரைபரின் மூன்றாம் வரிசை சீட்டுகளைக் கையாலேயே கழற்றி வீட்டில் வைத்துவிட்டுப் போகலாம். நல்ல ஏற்பாடு. இடத்துக்குக் குறைவில்லை, மூச்சுதான் குறைவு: ஒரு லிட்டர் எஞ்சின், 72 குதிரைத்திறன். நான்கு பேரும் சாமான்களுமாக மலையேறும்போது முதல் கியரும் இரண்டாம் கியருமாகத்தான் போக வேண்டியிருக்கும். அதே நிறுவனத்தின் லாட்ஜி அகலமானது, டீசல், விலையும் இறங்கியிருக்கிறது. 2020-இல் விற்பனை நின்றுவிட்டதால், உதிரிபாகம் உங்கள் ஊரில் கிடைக்குமா என்று கேட்டறிந்த பிறகு முன்பணம் கொடுங்கள்.

பழைய இன்னோவாவைப் பலரும் கேட்கிறார்கள். வண்டியைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதன் விலை இறங்குவதே இல்லை. மூன்றாம் வரிசையும் மடித்தால் இரு பக்கச் சன்னல்களை ஒட்டி நின்றுகொண்டு படுக்கையின் அகலத்தைத் தின்றுவிடும்.

கேள்வி: பெட்ரோலா, டீசலா, சிஎன்ஜியா? – வாசகர், கரூர்

வருடத்துக்குப் பத்தாயிரம் கிலோமீட்டர்கூட ஓடாத வண்டிக்கு பெட்ரோல் போதும். சிஎன்ஜி கார்களில் பெரும்பாலும் சிலிண்டர் டிக்கியில் உட்கார்ந்திருக்கும். அதாவது, உங்கள் கால் நீட்ட வேண்டிய இடத்தில்.

கேள்வி: பின்சீட்டுகளை அடியோடு எடுத்துவிட்டு, கட்டில், அலமாரி, கை கழுவும் தொட்டி எல்லாம் வெல்டிங் வைத்துப் பொருத்தித் தருவதாக ஒரு பட்டறையில் சொல்கிறார்கள். செய்யலாமா? – வாசகர், ஈரோடு

வேண்டாம். ஆர்சியில், அதாவது வண்டியின் பதிவுச் சான்றிதழில், எழுதியிருக்கும் விவரங்கள் தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. சீட்டுகளின் எண்ணிக்கை ஆர்சியில் இருக்கிறது. நாளை ஒரு விபத்து என்றால் காப்பீட்டு நிறுவனத்துக்கு நீங்களே ஒரு காரணத்தை எடுத்துக் கொடுத்ததாகிவிடும். டிரைபர் போலத் தயாரிப்பாளரே கழற்றும்படி செய்து கொடுத்த சீட்டின் கதை வேறு.

துளை போடாமல், வெல்டிங் இல்லாமல், இரண்டு பேர் தூக்கி வைத்து இறக்கக்கூடிய மரச்சட்டமாகச் செய்யுங்கள். அது சட்டத்தின் கண்ணில் சாமான். 12 மில்லிமீட்டர் பிளைவுட் எட்டுக்கு நான்கு அடிப் பலகை ஏறக்குறைய 20 கிலோ வரும். 18 மில்லிமீட்டர் என்றால் 30 கிலோ. கடைக்காரர் தடித்ததைத்தான் தள்ளிவிடப் பார்ப்பார். குறுக்குச் சட்டங்களை நெருக்கமாக வைத்தால் 12 தாராளம். பலகையை மூன்று துண்டாக வெட்டிக் கீல் போட்டுக்கொண்டால், பகலில் மடித்துவிட்டுச் சீட்டில் உட்காரலாம். திடீரென்று பிரேக் போட்டால் சட்டம் முன்னே பாயும். தரையில் இருக்கும் கொக்கிகளோடு பட்டை போட்டு இறுக்கிக் கட்டுங்கள்.

ஒன்றைக் கண்டிப்பாகவே சொல்கிறேன். வண்டி ஓடும்போது அந்தப் படுக்கையில் யாரும் படுக்கக்கூடாது. "குழந்தை தூங்கிவிட்டது, எழுப்ப மனம் வரவில்லை" என்பதெல்லாம் காரணம் ஆகாது. சீட், பெல்ட், பிறகுதான் சாவி.

கேள்வி: இரவில் புழுக்கம் தாங்காது. எஞ்சினை ஓடவிட்டு ஏசி போட்டுத் தூங்கினால் என்ன? – வாசகி, மதுரை

செத்துப்போகலாம், அம்மா. மிகைப்படுத்தவில்லை. புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தூங்குகிறவர் தூக்கத்திலேயே போய்விடுவார். 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில், சாலையோரம் நின்ற ஒரு கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். ஜெனரேட்டரிலிருந்து உள்ளே வந்த அந்த வாயுதான் காரணம் என்று பரிசோதனையில் தெரிந்தது. எஞ்சின், ஜெனரேட்டர், கரி அடுப்பு, கேஸ் அடுப்பு எதுவும் தூங்குமிடத்தில் எரியக்கூடாது. சமையல் வெளியே, கதவிலிருந்து தள்ளி.

புழுக்கத்துக்கு வழி, உயரம்தான். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு டிகிரிக்கு மேல் குறையும். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர், கொடைக்கானல் 2,100. மே மாதத்தில் மதுரையில் நிறுத்திய காருக்குள் தூங்க என்னிடம் உபாயம் இல்லை. மற்றபடி, இரு பக்கச் சன்னல்களையும் நான்கு விரல் இறக்கி, கதவுச் சட்டத்தின்மேல் கொசுவலைத் துணியை உறைபோல் மாட்டுங்கள். 12 வோல்ட், 15 வாட் மின்விசிறி எட்டு மணி நேரம் ஓட 120 வாட்-மணி வேண்டும். காரின் 35 ஆம்பியர்-மணி பேட்டரியில் மொத்தமே 420 வாட்-மணிதான். இரண்டு விசிறி ஓடினால் பாதிக்கு மேல் காலி. காலையில் வண்டி கிளம்பாது. தனியாக ஒரு சிறு லித்தியம் பேட்டரி வாங்குங்கள்: 12.8 வோல்ட், 50 ஆம்பியர்-மணி என்றால் 640 வாட்-மணி. இரண்டு இரவு தாங்கும்.

கேள்வி: பழைய கார் வெள்ளத்தில் மூழ்கியதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? – வாசகர், தாம்பரம்

2015 வெள்ளத்தையும் 2023 மிக்ஜாம் புயலையும் பார்த்த ஊரிலிருந்து கேட்கிறீர்கள், நியாயமான பயம். 2023 டிசம்பரில் தூத்துக்குடியிலும் திருநெல்வேலியிலும் வண்டிகள் மிதந்தன என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். வெளியே பளிச்சென்று இருந்து, உள்ளே சுருண்ட பகுதியில் மட்டும் சேற்றுக் கோடு இருந்தால் விட்டுவிடுங்கள். சீட்டின் அடித்தண்டவாளத்தில் துரு, தரைவிரிப்புக்கு அடியில் வண்டல், ஸ்டெப்னி வைக்கும் குழியில் மண் இருக்கிறதா பாருங்கள். வாசனைத் திரவியம் தூக்கலாக அடிக்கும் வண்டியில் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பத்து நிமிடம் உட்காருங்கள். பூஞ்சை நாற்றம் மெல்ல எழும். காப்பீட்டில் இழப்பீடு வாங்கிய வரலாறு, ஆர்சியில் கடன் பதிவு நீக்கப்பட்டதா, மஞ்சள் போர்டிலிருந்து (வாடகை வண்டி) வெள்ளைக்கு (சொந்த வண்டி) மாறியதா என்பவற்றையும் கேளுங்கள்.

கேள்வி: முதுமலையிலோ வால்பாறையிலோ காட்டோரமாக நிறுத்தித் தூங்கலாமா? – வாசகர், கோவை

கூடாது. அனுமதி இல்லாமல் காப்புக்காட்டில் தங்குவது குற்றம்; யானை வந்தால் கார் தகர டப்பா. முதுமலை, பந்திப்பூர் வழியில் இரவு ஒன்பது முதல் காலை ஆறு வரை போக்குவரத்துக் கட்டுப்பாடு இருக்கிறது. நேரம் பார்த்துக் கிளம்புங்கள். நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே முதல் இ-பாஸ் வேண்டும். கழிப்பறையும் காவலும் உள்ள தங்குவிடுதி வளாகத்திலோ எஸ்டேட் விருந்தினர் இல்லத்திலோ வண்டி நிறுத்த இடம் கேட்டு, கட்டணம் கொடுத்துத் தங்குவதுதான் முறை.

கேள்வி: என்னிடம் ஏற்கெனவே வேகன்-ஆர் இருக்கிறது. விற்றுவிட்டுப் பெரியது வாங்கவா? – வாசகி, தஞ்சாவூர்

நீங்கள் தனியாகப் போகிறீர்கள் என்று கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். விற்காதீர்கள். பின்சீட்டை மடித்து, இடப்பக்க முன்சீட்டை முன்னே தள்ளிச் சாய்த்தால் ஒருவர் கோணலாகப் படுக்கலாம். முதலில் வீட்டு வாசலிலேயே ஓர் இரவு படுத்துப் பாருங்கள். முதுகு வலித்தால் அப்போது எழுதுங்கள்.