86 வயது அம்மாவுக்குக் குடல் ஆபரேஷன்: செய்யலாமா, கூடாதா?

கேள்வி: தண்டையார்பேட்டையில் இருக்கிறோம். அம்மாவுக்கு 86 வயது. பெருங்குடலின் வலப்பக்கம் புற்றுநோய்க் கட்டி, வேறெங்கும் பரவவில்லை. ஆபரேஷன் செய்யலாம் என்கிறார் டாக்டர். "இந்த வயசுல வயித்தைக் கிழிக்கணுமா?" என்கிறார்கள் சொந்தக்காரர்கள்.

பதில்: 86-ஐ விடுங்கள். போன மாதம் வரை அம்மா எப்படி இருந்தார்? தானே குளித்து, மாடி ஏறி, மீன்காரியிடம் பேரம் பேசியவர் என்றால் செய்யலாம். ஆறு மாதமாகப் படுக்கை, உடம்பு இளைத்துக்கொண்டே போகிறது என்றால் 70 வயதுக்காரருக்கே நான் யோசிப்பேன். நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து, கதவு வரை நடந்து திரும்பச் சொல்லிப் பார்ப்பேன். எக்கோ (இதய ஸ்கேன்) ரிப்போர்ட்டில் வராதது அந்த நடையில் தெரிந்துவிடும். அப்புறம், அம்மாவையே கேட்டீர்களா?

வலப்பக்கக் கட்டி பெரும்பாலும் சத்தமில்லாமல் ரத்தம் கசியவிட்டு ஆளைச் சோகையாக்கும். அதனால் அவசரமில்லை என்று தோன்றும். ஆனால் வயிறு உப்பி, வாந்தி எடுத்து, காற்றுகூடப் பிரியவில்லை என்றால் குடல் அடைத்துவிட்டது. அன்றிரவே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். விடியட்டும் என்று இருக்காதீர்கள், சுக்குக் கஷாயம் வேண்டாம், பேதி மாத்திரை வேண்டவே வேண்டாம். திட்டமிட்டுச் செய்வதைவிட அந்த நேரத்து ஆபரேஷனில் உயிராபத்து பல மடங்கு. "பார்த்துக்கலாம்" என்று தள்ளிப்போடுகிறவர்கள் கடைசியில் வந்து நிற்பது இங்கேதான்.

இன்னொருவர் வருவார், புரோக்கர். ஆஸ்பத்திரி வாசல் டீக்கடையில், "இங்க தேதி கிடைக்காதுங்க, அம்மா தாங்காது, நல்ல இடம் ஒண்ணு இருக்கு, இன்சூரன்ஸ் நான் பார்த்துக்கறேன்" என்பார். அவருக்கு அங்கே கமிஷன். முதலமைச்சர் காப்பீட்டு அட்டைக்குப் பைசா கிடையாது. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால், வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதாருடன் கலெக்டர் அலுவலகம் போங்கள். ஆபரேஷனுக்குக் காப்பீட்டு ஒப்புதல் வாங்குவது ஆஸ்பத்திரியின் வேலை. உங்களுக்குப் பக்கத்தில் ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியில் குடல் அறுவை சிகிச்சைக்குத் தனித் துறையே இருக்கிறது. ஒரு ஸ்கேனுக்கு மூன்று கவுன்டர் அலையவிடும் நம் ஊர் ஏற்பாடு இருக்கும்வரை புரோக்கருக்கும் பிழைப்பு இருக்கும். எத்தனை மீட்டிங்கில் சொல்லியாயிற்று!

சரி, தேதி கிடைக்கும் வரை சும்மா இருக்காதீர்கள். டாக்டரிடம் கேட்டு ரத்தசோகைக்கு இரும்புச்சத்து ஊசி, தினமும் முட்டை, மீன், காலை மாலை தெருமுனை வரை நடை, மூன்று பந்து உள்ள ஊதுகருவியை உறிஞ்சி மூச்சுப் பயிற்சி. அட்மிட் ஆகும் அன்று அம்மாவின் மூக்குக் கண்ணாடி, பல்செட், காது மெஷின் எல்லாவற்றையும் பையில் போடுங்கள். அவை இல்லாமல் ஐசியூவில் கண் விழிக்கும் பெரியவர்கள் இடம் புரியாமல் குழம்பி டியூபைப் பிடுங்கிவிடுகிறார்கள்.