மூன்று முறை நெஞ்சைத் திறந்தவருக்கு இதய மாற்று: எப்போது கேட்க வேண்டும்?

கேள்வி: என் தம்பிக்கு 24 வயது. பிறவியிலேயே இதயத்தில் ஒரு கீழறைதான் சரியாக உருவாகியிருந்தது. சிறுவயதில் மூன்று அறுவை சிகிச்சைகள். கடைசியாக நடந்தது, உடலிலிருந்து திரும்பும் ரத்தத்தை நேரே நுரையீரலுக்குத் திருப்பிவிடும் ஃபான்டன். ஒரு வருடமாக வயிறும் காலும் வீங்குகின்றன, ரத்தத்திலுள்ள ஆல்புமின் என்ற புரதமும் குறைந்துவிட்டது. எக்கோவில் இதயம் ஓரளவு நன்றாகவே சுருங்குகிறது என்கிறார்கள், ஆனால் இதய மாற்றுக்கான மதிப்பீட்டுக்குப் போகச் சொல்கிறார்கள். போகலாமா, இன்னும் கொஞ்ச நாள் பொறுக்கலாமா?

பதில்: போங்கள், தள்ளிப்போட வேண்டாம். மதிப்பீட்டுக்குப் போனாலே அறுவை சிகிச்சைக்குச் சம்மதித்துவிட்டதாக ஆகாது. ஃபான்டன் பாதையில் எங்காவது சுருக்கம் இருக்கலாம், இதயத்துடிப்பின் ஒழுங்கு கெட்டிருக்கலாம். அவற்றை ரத்தக்குழாய் வழியே செலுத்தும் மெல்லிய குழாயான கதீட்டர் மூலமோ மருந்தாலோ சரிசெய்ய முடிந்தால் மாற்று இதயத்தின் பேச்சே தள்ளிப்போகும். அதுவும் இந்தப் பரிசோதனைகளில்தான் தெரியவரும்.

இதயம் நன்றாகச் சுருங்கும்போது ஏன் மாற்ற வேண்டும் என்ற குழப்பம் நியாயமானது. ஃபான்டனுக்குப் பிறகு, உடலிலிருந்து திரும்பும் ரத்தத்தை நுரையீரலுக்குத் தள்ள இதய அறை எதுவும் இல்லை. சிரைகளில் உள்ள அழுத்தமே அதைத் தள்ள வேண்டும். அதனால் அந்த அழுத்தம் வருடக்கணக்காக உயர்ந்தே இருக்கிறது. அதைத் தாங்குவது கல்லீரலும் குடலும். குடல் வழியே புரதம் கசிந்தால் ஆல்புமின் இறங்கும், நீர் கோக்கும். அதாவது கீழறை நன்றாக இருக்கும்போதே ரத்த ஓட்டம் தோற்றுப்போக முடியும். குடல் கசிவுதானா, கல்லீரல் அல்லது சிறுநீரகக் கோளாறா என்பதை முதலில் பிரித்துப் பார்ப்பார்கள். குடல் கசிவுதான் என்றால், மாற்று இதயம் பொருத்தப்பட்டு நலமாக இருப்பவர்களில் பெரும்பாலோருக்கு அது நின்றுவிடுகிறது.

சரி, மூன்று அறுவை சிகிச்சைக்குப் பிறகு இது முடியுமா? முடியும். ஆனால் கடினம், அதை மறைக்க மாட்டேன். பழைய தழும்புத் திசு இதயத்தை நெஞ்செலும்போடு ஒட்ட வைத்திருக்கும். புதிதாக முளைத்த பக்கக் கிளைக் குழாய்களால் ரத்தப்போக்கு அதிகமாகும். பழைய ரத்தமேற்றல்களாலும், முன்பு வைத்த மனிதத் திசு ஒட்டுகளாலும் பிறர் திசுவைத் தாக்கும் ஆன்டிபாடிகள் உடலில் உருவாகியிருந்தால் பொருந்தும் இதயம் கிடைப்பது தாமதமாகும். இடம் மாறி இணைக்கப்பட்ட குழாய்களைச் சீரமைக்க, தானம் பெறும்போதே வழக்கத்தைவிட நீளமான ரத்தக்குழாய்களோடு எடுக்க வேண்டும். குளிரில் வைத்த இதயத்துக்குச் சுமார் 4 மணி நேரமே பாதுகாப்பான அவகாசம் என்பதால், சிடி ஸ்கேனை வைத்து முன்கூட்டியே எல்லாவற்றையும் திட்டமிடுவார்கள். நுரையீரல் குழாய்களின் எதிர்ப்பு அதிகமாக இருந்தால் புதிய இதயத்தின் வலப்பக்கம் திணறும். கல்லீரல் மிகவும் கெட்டிருந்தால் சிலருக்கு இரண்டு உறுப்புகளையும் சேர்த்தே மாற்ற வேண்டிவரும். பொறுத்துப் பார்க்கலாம் என்று நினைப்பவர்களிடம் நான் அழுத்திச் சொல்வது இதைத்தான்: காத்திருக்கும் மாதங்களில் கெடுவது பெரும்பாலும் இதயமல்ல, கல்லீரலும் சிறுநீரகமும் உடல் வலுவும்தான்.

மாற்றுக்குப் பிந்தைய முதல் சில மாதங்களின் ஆபத்து மற்ற நோயாளிகளைவிட ஃபான்டன் செய்துகொண்டவர்களுக்கு அதிகம். ஆனால் முதல் வருடத்தைத் தாண்டியவர்கள் நீண்டகாலத்தில் மற்றவர்களுக்கு இணையாகவோ அதைவிட நன்றாகவோ வாழ்கிறார்கள். வாழ்நாள் முழுவதும் நோயெதிர்ப்பைக் குறைக்கும் மருந்து உண்டு. அதில் ஒருவேளையும் தவறக்கூடாது.

பிறவி இதயக் குறையும் மாற்று சிகிச்சையும் ஆரம்பத்திலிருந்தே பிணைந்தவை. 1967 டிசம்பரில் கேப்டவுனில் முதல் இதய மாற்று நடந்த மூன்றாம் நாளே, நியூயார்க்கில், இதயத்தின் வலப்பக்க வால்வு சரியாக அமையாத எப்ஸ்டைன் குறையோடு பிறந்த பச்சிளங்குழந்தைக்கு அறுவை மருத்துவர் ஏட்ரியன் கான்ட்ரோவிட்ஸ் இதயம் மாற்றினார். குழந்தை சில மணி நேரமே பிழைத்தது. அந்த நிலையிலிருந்து இவ்வளவு தூரம் வந்திருக்கிறோம்.

எந்த மருத்துவமனை என்று பார்க்கும்போது, பிறவி இதயக் குறைக்கான குழுவும் மாற்று சிகிச்சைக் குழுவும் ஒரே இடத்தில் சேர்ந்து வேலை செய்கின்றனவா என்று கேளுங்கள். இது மிக முக்கியம். பழைய அறுவை சிகிச்சைக் குறிப்புகள் அனைத்தையும் தேடி எடுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் போதாது. இனி எங்காவது ரத்தம் ஏற்ற வேண்டிவந்தால், மாற்றுக்கான மதிப்பீட்டில் இருப்பவர் என்று முன்பே சொல்லிவிடுங்கள். பல் மருத்துவரிடம் பல்லையும் காட்டிவிடுங்கள். உயிருள்ள கிருமி கொண்ட தடுப்பூசி ஏதாவது பாக்கியிருந்தால் மாற்றுக்கு முன்பே போட முடியுமா என்று கேளுங்கள்.

அப்புறம் ஒன்று. கடிதம் முழுக்க உங்கள் பயமும் பாசமும் தெரிகிறது, ஆனால் தம்பி என்ன நினைக்கிறார் என்று ஒரு வரியும் இல்லை. முதல் சந்திப்பில் மருத்துவரோடு அவர் தனியாகப் பேச ஒரு பத்து நிமிடம் விடுங்கள்.