11 பாட்டுதான் இருக்கிறது, சிடி போலியா?

வணக்கம். டெய்லர் ஸ்விஃப்ட்டின் முதல் ஆல்பத்தைப் பழைய சிடியாக வாங்கினேன், 11 பாட்டுதான் இருக்கிறது, இணையத்தில் 15 காட்டுகிறதே என்று கேட்டிருந்தீர்கள். எண்ணிக்கையை வைத்து மட்டும் சந்தேகப்படாதீர்கள். 2006 அக்டோபரில் வந்த முதல் பதிப்பிலேயே 11தான். அப்போது அவருக்கு வயது 16. மறு வருடம் வந்த சிறப்புப் பதிப்பில் புதிதாக மூன்று சேர்ந்தன. பதினைந்தாவது, 'டியர்டிராப்ஸ் ஆன் மை கிட்டார்' பாட்டின் பாப் வடிவம். அதில் கன்ட்ரி (அமெரிக்க கிராமியப் பாணி இசை) வாசனை குறைவு, எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது.

உங்கள் சிடி 'அவர் சாங்' (Our Song) பாட்டோடு முடிகிறதா? அப்படியென்றால் வரிசை சரி. ஒன்பதாம் வகுப்பில் பள்ளித் திறமைப் போட்டிக்காக அவர் எழுதிய பாட்டு அது. அதில் பாஞ்சோ என்ற நரம்பு வாத்தியம் துள்ளுவதைக் கேளுங்கள்.