‘வென்’ வந்தாலே கேள்வியா?

அன்புள்ள ஐயா,

திருப்பூரில் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். வெளிநாட்டு பையர்களுக்கு நாள் முழுக்க மெயில் எழுத வேண்டும். ‘ஐ வுட் லைக் டு நோ வென் தி சாம்பிள் வில் பீ அப்ரூவ்ட்?’ என்று எழுதியிருந்தேன். மேலாளர் கேள்விக்குறியை எடுத்துவிட்டுப் புள்ளி வைக்கச் சொன்னார். ‘வென்’ இருக்கிறதே, கேள்விதானே? ‘ப்ளீஸ் ரிப்ளை!’ என்று ஆச்சரியக்குறி போடுவதும் தவறா?

அன்புடன்,
ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

மேலாளர் சொன்னது சரி. அந்த வாக்கியத்தில் நீங்கள் எதையும் கேட்கவில்லை. தெரிந்துகொள்ள விரும்புவதாகச் சொல்கிறீர்கள். ‘சாம்பிள் எப்போது ஓகே ஆகும் என்று தெரிய வேண்டும்’ என்று தமிழில் எழுதினால் கேள்விக்குறி போடுவோமா? ஆங்கிலத்தில் மட்டும் ‘வென்’, ‘வேர்’, ‘ஒய்’ கண்ணில் பட்டதும் கை தானாக அங்கே போய்விடுகிறது. நன்றாக எழுதுகிறவர்கள்கூட இதில் தடுக்கி விழுவதைப் பார்க்க எனக்கு ஆதங்கமாக இருக்கும்.

சொற்கள் நிற்கும் வரிசையைப் பாருங்கள். ‘வென் வில் தி சாம்பிள் பீ அப்ரூவ்ட்?’ இதில் ‘வில்’ எழுவாயை முந்திக்கொண்டது; கேள்வி. நீங்கள் எழுதியதில் ‘சாம்பிள்’ முன்னால், ‘வில்’ பின்னால். வரிசை சரியாகவே இருக்கிறது, குறி மட்டும்தான் பிசகியது. அந்த ‘வென் தி சாம்பிள் வில் பீ அப்ரூவ்ட்’ துண்டுக்கு முன்னால் ‘டூ யூ நோ’ என்று சேருங்கள். உள்ளே ஒரு சொல்லும் மாறவில்லை, ஆனால் ‘டூ’ ‘யூ’வை முந்திக்கொண்டதால் இப்போது கேள்விக்குறி கட்டாயம். ‘வாட் எ லவ்லி கலர் திஸ் இஸ்!’ என்பதில் ‘வாட்’ இருந்தும் ‘திஸ் இஸ்’ புரளவில்லை, எனவே வியப்பு. ‘ஹூ சென்ட் திஸ்?’ போல ‘ஹூ’வே எழுவாயாக வரும் இடத்தில் இந்தச் சோதனை செல்லாது.

‘யூ ஹேவ் ஷிப்ட் இட்?’ என்று பேச்சுவாக்கில் கேட்பதுண்டு. இங்கே வரிசை மாறாததால் குறியை எடுத்தால் கேள்வியே போய்விடும். தமிழில் ‘அனுப்பிட்டீங்களா’ என்றால் அந்த ‘ஆ’ ஒன்றே போதும்.

‘குட் யூ ப்ளீஸ் சென்ட் தி இன்வாய்ஸ்’ போன்ற வேண்டுகோளுக்குப் புள்ளி போதும் என்கிறது அமெரிக்கப் பதிப்பகங்கள் பலவும் பின்பற்றும் சிகாகோ கையேடு. பையருக்கு எழுதும்போது கேள்விக்குறியே பணிவாகத் தெரியும் என்பது என் எண்ணம்.

‘ப்ளீஸ் ரிப்ளை!’ இலக்கணப்படி தவறில்லை. ஆனால் முகம் தெரியாதவருக்கு அது அதட்டல்போல் படலாம். புள்ளி வையுங்கள். அப்புறம், வாக்கியம் ‘10 ஏ.எம்.’ என்று முடிந்தால் அந்தக் கடைசிப் புள்ளியே போதும், இன்னொன்று வேண்டாம். கேள்வியாக இருந்தால் மட்டும் அதை ஒட்டிக் கேள்விக்குறி வரும்.